டேனியின் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

"எல்லா ஸ்கவுட்டும் அந்த வலைக்குப் பின்னாடி உட்கார்ந்து பாக்கறாங்க. நீ மட்டும் ஏன்டா இங்க, வேலி ஓரமா?" என்றாள் ஹபீஸா.

"இங்கதான் கேக்கும், உம்மா."

"என்ன கேக்கும்?"

"அவுட்ஃபீல்ட்ல யார் கத்தறான், யார் கத்தலைன்னு."

ஆதிஃபுக்கு முப்பத்திரண்டு வயது. ஐந்து வருஷம் சின்ன லீக்குகளில் பேஸ்பால் ஆடினான். சென்டர் ஃபீல்ட், மைதானத்தின் நடுப் பின்பகுதி. அவன் பிறந்து வளர்ந்த நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில்கூட அது பல பேருக்குத் தெரியாது. இப்போது டெக்சாஸில் ஸ்கவுட். பள்ளிக்கூடப் பையன்களின் ஆட்டத்தைப் பார்த்து, தேறுவானா மாட்டானா என்று ரிப்போர்ட் எழுதுகிற வேலை. காப்பெலில் வீடு. அம்மா ஹபீஸா அங்கிருந்து ஒரு மாதம் தங்க வந்திருந்தாள்.

"வெயில்ல உட்கார்ந்து அடுத்தவன் பிள்ளைக்கு மார்க் போடறதுக்குச் சம்பளமா? உங்க வாப்பா கேட்டா பேங்க் வேலையை ரிசைன் பண்ணிட்டு வந்துடுவாரு."

அவன் சிரிக்கவில்லை. பந்து உயர எழுந்திருந்தது. இரண்டு பையன்கள் அதை நோக்கி ஓடினார்கள். ஒருவன் "மைன்!" என்று கத்தினான். முதலில் கத்துபவனுக்கே பந்து என்பது வழக்கம்; மற்றவன் சட்டென்று விலகி வழி விட்டான். ஆதிஃப் விலகியவனுக்குத்தான் மார்க் போட்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் ஸ்பீக்கரில் ஃபோன் அடித்தது.

"ஞாயித்துக்கிழமையாச்சே. டேனியா?"

"ம்."

2003இல் அதே அணியில், ஆதிஃபுக்குப் பக்கத்து இடமான லெஃப்ட் ஃபீல்டில் ஆடியவன் டேனி. ஒரே பந்துக்கு இரண்டு பேரும் ஓடி, முழு வேகத்தில் மோதினார்கள். ஆதிஃபுக்குத் தோள்பட்டை. டேனிக்குத் தலை. அந்த நாள் அவன் நினைவிலிருந்து போய்விட்டது. அதன்பின் யார் எதைச் சொன்னாலும் மறுவாரம் தங்குவதில்லை. கேள்வி மட்டும் தங்கிவிட்டது.

"ஆதிஃப், அன்னிக்கி நான் கத்தினேனா?" ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டான் டேனி.

"இல்ல, டேனி."

"அப்போ தப்பு என்னோடதுதான். சாரி, ஆதிஃப். உன் தோள் எப்படி இருக்கு?"

"பரவால்ல."

ஹபீஸா ஸ்பீக்கர் பக்கம் குனிந்து ஆங்கிலத்திலேயே பேசினாள்.

"டேனி, நான் ஆதிஃபோட அம்மா. அன்னிக்கி அங்க இருந்தேன். நீ கத்தினே. ரெண்டு தடவை."

"உம்மா, ப்ளீஸ்!"

"சும்மா இருடா. மூணாவது வரிசையில இருந்த எனக்கே கேட்டுது. ஆறு வருஷம் பெத்தவளா வாயை மூடிட்டு இருந்துட்டேன். வாரா வாரம் அந்தப் பிள்ளை உன்கிட்ட சாரி கேக்குது. என்னால முடியல."

"ஆதிஃப், உனக்குக் கேட்டுதா?" என்றான் டேனி.

அவன் காரை ஓரமாக நிறுத்தினான். பெரிய லாரிகள் கடந்துபோகும்போதெல்லாம் கார் ஆடியது.

"கேட்டுது."

"அப்புறம் ஏன் நிக்கல?"

"அன்னிக்கி ஒரு ஸ்கவுட் வந்திருந்தார், டேனி. நான் பிடிக்கறதை அவர் பாக்கணும்னு..."

ஃபோனில் மேசை இழுப்பறை திறக்கும் சத்தம். காகிதம் சரசரத்தது.

"இரு, பேனா எடுத்துட்டேன். எனக்கு மறந்துடும்" என்றான் டேனி. "முதல்ல இருந்து, மெதுவா சொல்லு."