கார்டு இல்லாமல் எடுக்க முடியாது

சத்தியராஜ் மைக்கைக் கையில் வாங்கியபோது, ஜெபம் பண்ணத்தான் போகிறார் என்று எட்சன் நினைத்தான். பந்தலில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஐஸ் பெட்டிக்குள் அவன் மனைவி ரெஜிலா வெள்ளைச் சேலையில் கிடந்தாள். தலைமாட்டில் அவள் தங்கை சபிதா, பெட்டியின் கண்ணாடியில் படியும் ஈரத்தைத் துண்டால் துடைத்துத் துடைத்து அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சபையாருக்கு ஒரு அறிவிப்பு" என்றார் சபைச் செயலர் சத்தியராஜ். "நம்ம சகோதரி நடத்தின வாசகசாலைப் புஸ்தகம் ஆருக்கெல்லாம் கையில இருக்கோ, அவங்கெல்லாம் சாயங்காலம் அடக்க ஆராதனைக்கு முன்ன இங்கயே கொண்டுவந்து ஒப்படைச்சிரணும். சகோதரி பாரமில்லாமப் போகணும். இனி அது கமிட்டிப் பொறுப்பு."

பாரமில்லாமல் போகணுமாம். எட்சனுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை சுர்ரென்று ஏறியது. நேற்றுக் காலை பாத்திரம் கழுவிக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே இந்த மனிதர் வந்து, அழுதுகொண்டிருந்த சபிதாவிடம் வாசகசாலைச் சாவியை வாங்கிப் போயிருக்கிறார். கேட்டதற்கு, பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் என்றார். யாரிடமிருந்து பத்திரம்? செத்தவளிடமிருந்தா?

அந்தப் புத்தகங்களுக்கு ஒரு கதை உண்டு. ஊரிலிருந்த டாக்டர் ஒருவர் இறந்தபின், வெளிநாட்டில் இருக்கும் அவர் பிள்ளைகள் வீட்டை விற்றபோது, அவர் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சாக்குகளில் கட்டிச் சபைக்குக் கொடுத்துவிட்டார்கள். கமிட்டி கூடி, டாக்டர் பெயரில் கண்ணாடி அலமாரி ஒன்று செய்து, புத்தகங்களை அடுக்கிப் பூட்டி வைப்பது என்று தீர்மானம் போட்டது. பிஷப் வந்தால் காட்டலாம் அல்லவா? கூட்டுறவு சங்கத்தில் கிளார்க் வேலை பார்த்த ரெஜிலா மட்டும் எழுந்து நின்று, "படிக்கத் தராத புஸ்தகத்தைக் கரையானுக்குத் தரப் போறியளா?" என்று கேட்டாள். முடிந்தால் செய்து பார் என்கிற மாதிரி, ரோட்டோரத்தில் பாழாய்க் கிடந்த பழைய ஞாயிறு பள்ளி அறையை அவள் தலையில் கட்டினார்கள்.

அவளுக்கு அந்த வேலையில் ஒன்றும் தெரியாது. சங்கத்தில் லீவு போட்டுவிட்டு நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து, புத்தகம் எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். வந்த அன்றைக்கே சோற்றுப் பானையில் மரச்சீனிக் கிழங்கு மாவுப் பசை காய்ச்சினாள். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்த விஷம் கலந்தாள். சோற்றுக்கு ஆகாமல் பானை போயே போயிற்று. மார்த்தாண்டத்துக்கு ரப்பர் ஷீட் ஏற்றிப் போய்விட்டு வரும் எட்சன், வண்டியை நிறுத்திவிட்டுக் கைகால் கழுவியதும் அட்டை வெட்ட உட்காருவான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பின்னட்டைக்கு உள்ளே ஒரு பை, பைக்குள் ஒரு கார்டு, எதிர்ப்பக்கத்தில் தேதிச் சீட்டு. புத்தகம் வெளியே போனால் கார்டு அறையிலுள்ள பெட்டியில் இருக்கும். திரும்பி வந்தால் கார்டு பைக்குள் போகும். புத்தகத்தின் நம்பரை முதல் பக்கத்தில் போட்டது போதாதென்று பதினேழாம் பக்கத்திலும் போட்டாள். முதல் தாளைக் கிழிக்கிற களவாணிக்குப் பதினேழாம் பக்கம் தெரியாதாம்.

முதுகில் வண்ணப் பட்டை ஒட்டினாள். கதைக்குச் சிவப்பு, விவசாயத்துக்குப் பச்சை, உடம்புக்கு நீலம், சட்டத்துக்குக் கறுப்பு. ஊர் சும்மா இருக்குமா? புத்தகத்துக்கு மரியாதை செய்கிறோம் என்று வேதப்புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல எல்லாவற்றுக்கும் காலண்டர் தாளில் அட்டை போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு மாதத்தில் பட்டையும் நம்பரும் மறைந்து, அலமாரி முழுக்க ஏசுவும் பிள்ளையாரும் நகைக்கடை விளம்பரமுமாக நின்றது. ரெஜிலா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாக உரித்துப்போட்டாள்.

இப்போது அதே புத்தகங்கள் பந்தலுக்கு வர ஆரம்பித்தன. மைக்கில் சொன்ன பிறகு யார் வைத்துக்கொள்வார்கள்? ஐஸ் பெட்டியின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒவ்வொருவராக வைத்துவிட்டு, குற்றம் செய்தவர்கள்போலக் குனிந்து போனார்கள். நாற்காலி நிறைந்தது. யாரோ ஒரு புண்ணியவான் குடித்த சாயா கிளாசை அந்த அடுக்கின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

எட்சன் எழுந்து போய்க் கிளாசை எடுத்துக் கீழே வைத்தான். மேலட்டையில் வட்டமாகக் கறை பிடித்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்தும் போகவில்லை.

அந்த நேரத்தில்தான் அஞ்சலி வந்தாள். கீரிப்பாறை எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவள். வெட்டு முடிந்து, எஸ்டேட் பஸ்ஸில் உடுத்த உடுப்போடு இறங்கி வந்திருந்தாள். பெட்டியின் கண்ணாடியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். நடுவில் ஒரு ரப்பர் இலை அடையாளமாகச் செருகியிருந்தது.

"பாதிதான் அண்ணே படிச்சேன்" என்றாள். "மாமிதான் சொன்னா, செத்த ஆளுக்க சாதனம் வீட்டில இருக்கப்பிடாதுன்னு. பெட்டி மூடுகதுக்கு முன்ன குடுத்திரணுமாம்."

"இது செத்த ஆளுக்க சாதனம் இல்ல மக்கா. ஒனக்குத் தந்தது." எட்சன் திரும்பினான். "சபிதா, ஒரு பேனா எடு."

"இப்பமா அத்தான்?"

"இப்பம்தான்."

பின்னட்டையைத் திறந்தான். தேதிச் சீட்டில் ரெஜிலாவின் எழுத்து வரிசையாக இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றிருந்தது. அதற்குக் கீழே தன் எழுத்தைப் போட அவனுக்குக் கை வரவில்லை. அவளை ஆம்புலன்சில் ஏற்றியபோதுகூட அவனுக்கு இப்படி இருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு புதுத் தேதி போட்டு, புத்தகத்தை அஞ்சலியின் கையில் திணித்தான். பிறகு நாற்காலியில் இருந்த அடுக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்ததைத் திறந்தான்.

"சிஜின் தந்ததா இது? ஏலே சிஜின், இஞ்ச வா. கொண்டு போ."

சத்தியராஜ் வேகமாக வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "எட்சா, இது சாவு வீடாக்கும்."

"தெரியும். செத்தது எனக்க பெண்டாட்டி. மைக்குல புஸ்தகம் கேட்டது நீங்க."

"நான் எனக்காகவா கேட்டேன்? இனி அதை ஆரு பாத்துக்கிடுவா? ஆளாளுக்குக் கொண்டு போய் ஒண்ணும் மிஞ்சாது. அலமாரியில இருந்தா அவளுக்க பேரும் கூட நிக்கும். நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"அப்பம் கார்டு எங்க?"

"என்ன கார்டு?"

"வந்த புஸ்தகத்தில அதுக்க கார்டைப் போடணும். கார்டு இல்லாமத் திரும்ப எடுக்க முடியாது. அவளுக்க சட்டம் அதாக்கும். கார்டெல்லாம் ரூமில இருக்கு, சாவி ஒங்ககிட்ட இருக்கு. தாங்க, போய் எடுத்திட்டு வாறேன்."

"அடக்கம் முடியட்டு. பொறவு கமிட்டியில வச்சுப் பேசலாம்."

பந்தலில் எல்லார் காதும் இங்கேதான் இருந்தது. பாட்டுக்காரர்கள் கீர்த்தனைப் புத்தகத்தில் இல்லாத பக்கத்தைத் தேடினார்கள். எட்சன் அடுத்த புத்தகத்தைத் திறந்தான். தேதி போட்டுப் போட்டு நீட்டினான். சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர் செயலரைப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று கூட்டத்துக்குள் ஒதுங்கினார்கள். அந்தப் பயந்தாங்கொள்ளிகளை நினைக்க நினைக்க அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காய்ச்சல் பிள்ளைக்கு என்ன கொடுப்பது, பட்டா மாற்ற எங்கே போவது என்று ராவென்றும் பகலென்றும் பாராமல் இவள் வாசலில் வந்து நின்றவர்கள்தான் அத்தனை பேரும்.

கடைசியாகத் தெற்குத் தெரு வடிவாம்பாள் வந்தாள். வயலும் மாடும் வைத்திருக்கிற வெள்ளாளர் வீட்டுக்காரி. நெற்றியில் திருநீறு. கையில் சிவப்புப் பட்டை போட்ட புத்தகம்.

"இந்தாங்க தம்பி."

"கொண்டு போங்க அக்கா. தேதி போட்டுத் தாறேன்."

"இல்ல, நான் படிச்சு முடிச்சாச்சு. கதையெல்லாம் பொய்யின்னு இருந்தவ நான். இவதான் ஒண்ணு தந்து பாத்தா. பொறவு ஒண்ணு." வடிவாம்பாள் பெட்டிக்குள் கிடந்தவளைப் பார்த்தாள். "இதுக்கு அடுத்தது எதுன்னு எடுத்து வச்சிருக்கேன், வாங்கன்னு சொன்னா. எதுன்னு சொல்லல."

எட்சன் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கினான். எத்தனை பை வெட்டியிருப்பான், எத்தனை பட்டை ஒட்டியிருப்பான். அவற்றில் ஒரு புத்தகத்தையாவது அவன் படித்ததில்லை. யாருக்கு எதற்குப் பிறகு எது என்பது எந்தக் கார்டிலும் இல்லை. அது அந்த ஐஸ் பெட்டிக்குள் கிடந்தது. இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டா என்று அவனுக்குத் தோன்றியது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றுதான் தெரியவில்லை.

போதகர் வந்தார். ஜெபம் முடிந்தது. ரெஜிலாவைச் சவப்பெட்டிக்கு மாற்றி மூடினார்கள். முன்வரிசையில் வலப்பக்கம் சத்தியராஜே தோள் கொடுத்தார். சபைக் கோவில் மணி விட்டுவிட்டு அடிக்க, ஊர்வலம் கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டது. வழியில்தான் அந்தப் பழைய அறை. அதன் முன்னால் வந்ததும் எட்சன், கையில் வடிவாம்பாள் தந்த புத்தகத்தோடு, குறுக்கே போய் நின்றான்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க."

நின்றார்கள். எட்சன் சத்தியராஜின் வெள்ளைச் சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தான். அவருடைய இரண்டு கைகளும் பெட்டியைப் பிடித்திருந்தன.

"எட்சா" என்றார் மெதுவாக. அதற்குமேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பூட்டைத் திறந்து உள்ளே போனான். கார்டுப் பெட்டியில் தேடி, வடிவாம்பாள் தந்த புத்தகத்தின் கார்டை எடுத்து அதன் அட்டைப் பைக்குள் போட்டு, புத்தகத்தை இடத்தில் வைத்தான். மேசையில் தனியாக எடுத்து வைத்த புத்தகம் எதுவும் இல்லை. இழுப்பறையிலும் இல்லை. சிவப்புப் பட்டைகளின் முன்னால் போய் நின்றான். ஒன்றை எடுத்தான், வைத்தான். இன்னொன்றை எடுத்தான்.

வெளியே பாட்டு ஒரு சரணத்தோடு நின்றுபோயிருந்தது. அடுத்த சரணத்தை யாரும் எடுக்கவில்லை. வாசற்படியில் வடிவாம்பாள் வந்து நின்றாள். "தோள் மாத்துங்கப்பா" என்று ரோட்டில் யாரோ சொன்னார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மற்றவர்கள் ஆள் மாறிக்கொண்டிருந்தார்கள். சத்தியராஜ் மாறவில்லை. வெயில் முகத்தில் அடிக்க, அப்படியே நின்றார்.

எட்சன் வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் ஒதுங்கி, கையிலிருந்த புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினான்.