அரிமளத்தில் கூரை எழும்பிய விவரம்

அரிமளம் ஞானமணி டாக்கீஸின் தகரக் கூரை, உள்ளே இருப்பவர்கள் மனம்விட்டுச் சிரித்தால் சுவரை விட்டு மேலே எழும்பும். சிரிப்பு அடங்கியதும் மெல்ல இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். செல்லமுத்து அந்தக் கொட்டகையைக் கட்டித் தன் தாயார் பெயரை வைத்த வருஷமே இது தெரிந்துவிட்டது. முதலில் காற்று என்றார்கள். காற்றென்றால் அழுகைப் படத்துக்கு ஏன் எழும்பவில்லை என்று யாரோ கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். சண்டைப் படத்துக்கும் சாமி படத்துக்கும் அது அசையாது. பள்ளிக்கூடம், காலேஜ் படிக்கும் பையன்களும் பெண்களும் அடிக்கும் கூத்தைக் காட்டும் படங்களுக்குத்தான் நன்றாக எழும்பும். புதுக்கோட்டையிலிருந்து வந்த என்ஜினியர் ஒருவர் இரும்புச் சட்டங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, கூரை கீழே வந்தால்தான் குற்றம், மேலே போவதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எண்பதுகளில் வந்த அந்த மாதிரிப் படங்களைப் பற்றி ஊரில் இன்னும் பேச்சுண்டு. ஒன்றில் மூன்று பையன்கள் ஒரே பெண்ணிடம் மூன்று விதமாகப் பொய் சொல்லி வருவார்கள். அவள் மூவரையும் கண்டுகொண்டு, தன் அக்கா கல்யாணத்தில் எச்சில் இலை எடுக்க வைத்துவிடுவாள். இன்னொன்றில் பரீட்சைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிறவன் ஏறிய அதே பஸ்ஸில், இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பயந்து அவனுடைய ஹெட்மாஸ்டரும் ஓடிக்கொண்டிருப்பார். இவற்றுக்கெல்லாம் கூரை வேப்பமரத்து உச்சி வரை போனது. மேட்னி ஆட்டத்தில் இதனால் ஒரு சங்கடம். கூரை எழும்பியதும் வெயில் உள்ளே பாயும், திரையில் படம் அழிந்துபோகும். ஆகவே படத்தின் மிக நல்ல இடங்களை மேட்னிக்கு வந்தவர்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. காதால் கேட்டதோடு சரி. பார்க்க ஆசைப்பட்டவர்கள் சாயங்கால ஆட்டத்துக்கு மறுபடி டிக்கெட் வாங்கினார்கள். செல்லமுத்துவுக்கு இதில் வருத்தம் ஏதும் இல்லை. பழைய படமெல்லாம் தங்கம் என்றும் சொல்லிவிட முடியாது. கூரை ஒரு விரல்கூட நகராத படங்கள் அப்போதும் வந்தன. வந்த வேகத்தில் போயின.

தொண்ணூறுகளில் கூரை ஆள் உயரம் எழும்புவதோடு நின்றுகொண்டது. எழுதுகிறவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, பெண்ணுக்கு வசனம் குறைந்தது. பையன்களை முட்டாளாக்கிக்கொண்டிருந்தவள், பையன் சொல்வதற்கெல்லாம் சிரிக்கிறவளாக ஆனாள். பிறகு கதாநாயகனுக்குப் பக்கத்தில் ஒரு நண்பன் வந்தான். அவன் மண்டையில் அடித்தால் அது சிரிப்புக் காட்சி. அவனை அடித்து அடித்தே பல வருஷம் ஓட்டினார்கள். அது சலித்ததும் திக்குவாய்க்காரனைக் கொண்டுவந்தார்கள், கறுத்த பெண்ணைக் கொண்டுவந்தார்கள், குண்டுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மாட்டேன் என்று சொன்ன பெண்ணைக் குடித்துவிட்டுத் திட்டிப் பாடுவதுதான் காலேஜ் படிப்பு என்று ஆனது. ஜனங்கள் அப்போதும் சிரித்தார்கள். பக்கத்து சீட்டுக்காரன் சிரிக்கிறானே என்று சிரித்தார்கள், டிக்கெட் வாங்கியாயிற்றே என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குக் கூரை எழும்பவில்லை. இறங்கியது.

செல்லமுத்து காலமாகி, மகள் ராஜலட்சுமி கொட்டகையை எடுத்து நடத்த ஆரம்பித்தபோது கூரை சுவருக்கு உள்பக்கமாக நழுவி வந்துகொண்டிருந்தது. முதலில் மின்விசிறிகளைக் கழற்றினார்கள். பிறகு பால்கனியை மூடினார்கள். படம் காட்டும் மெஷினைக் கீழே இறக்கி, பின்சுவரில் புதிதாக ஓட்டை போட்டு வைத்தார்கள். கடைசியில் கையைத் தூக்கினால் தகரத்தைத் தொடலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. திரையின் மேல்பாதி கூரைக்கு மேலே போய்விட்டதால் நடிகர்களுக்குக் கழுத்துக்கு மேல் தெரியாது. அந்தப் படங்கள் புரிவதற்கு அதனால் குறைவு ஒன்றும் வரவில்லை. மஸ்கட்டில் வேலை பார்த்த ராஜலட்சுமியின் கணவர் தமிழ்செல்வன் போன் செய்யும்போதெல்லாம், இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்பார். பார்க்கலாம் என்று ராஜலட்சுமி சொல்லுவாள். பார்க்கவில்லை.

இந்தப் படங்களை எடுத்துப் பெரிய ஆளானவர்களில் ஒருவன் அரிமளத்துக்காரன். சிவபிரகாஷ் என்று பெயர். சென்னையில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. அவனுடைய மூன்றாவது படத்தில் ஒரு குண்டுப் பெண் வருவாள். அவள் நடந்தால் ரோடு ரோலர் ஓடுகிற சத்தத்தைப் பின்னால் போட்டிருந்தான். தமிழ்நாடே சிரித்தது. அந்தப் படம் வந்த அடுத்த வாரம், ராஜலட்சுமியின் மகள் அன்புமொழி பள்ளிக்கூடத்துக்குப் போகப் பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது, அங்கே நின்ற பையன்கள் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டார்கள். அன்புமொழி கறுப்பு, நல்ல உயரம், அதற்கேற்ற பருமன். கூட நின்ற தோழிகள் சிரித்ததால் முதல் நாள் அவளும் சிரித்தாள். மறுநாள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பஸ்ஸை விட்டுவிட்டுக் கண்மாய்க் கரை வழியாக நடந்தே போய்வந்தாள். வெயிலில் இன்னும் கறுத்தாள்.

அவள் பிளஸ் டூ படிக்கும்போது சிவபிரகாஷ் ஊருக்கு வந்தான். புதுப் படத்தின் முதல் காட்சியை ஞானமணி டாக்கீஸில் வைக்கப்போகிறான், டிவிக்காரர்கள் வருவார்கள், கூரை எழும்புவதை உலகத்துக்கே காட்டப்போகிறான் என்று காரை விட்டு இறங்கும்போதே சொன்னான்.

“கூரை எந்திரிச்சு ரொம்ப வருசமாச்சு தம்பி,” என்றாள் ராஜலட்சுமி.

“எம்படத்துக்கு எந்திரிக்கும்க்கா. ஊரே சிரிக்கிது, ஒங்க தகரம் மட்டும் சிரிக்காதா? எந்திரிச்சா ஏசி போட்டு, சீட்டெல்லாம் மாத்தி நானே புதுசாக்கித் தாரேன். எந்திரிக்கலைன்னா இடிச்சிருங்க. யாருக்கு என்ன நட்டம்?”

அவள் சரி என்று சொல்லிவிட்டாள். கொட்டகையை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பு அப்போது அவளுக்கு இல்லை. சாப்பிடும்போது மகளிடம் சொன்னாள். அன்புமொழி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“அந்த ரோலர் படத்துக்கும் நீதாம்மா டிக்கெட் குடுத்த,” என்றாள். “சீட்டு இல்லைன்னு நின்னுக்கிட்டுப் பாத்தாங்க. நான் எண்ணெய்ச் சட்டி பக்கத்துல நின்னு போண்டா பொட்டலம் கட்டிக்கிட்டு இருந்தேன். உள்ள சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.”

ராஜலட்சுமி மகளின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நீ வர வேண்டாம், வீட்டிலேயே இரு என்று சொன்னாள்.

“இருந்தா ஒளிஞ்சுக்கிட்டான்னு சொல்லுவாய்ங்க. நான் வாரேன்.”

முதல் காட்சி ஒரு வெள்ளிக்கிழமை மேட்னி. திருமயம், கே.புதுப்பட்டி என்று சுற்றுவட்டாரம் முழுவதும் வந்துவிட்டது. கூரை தலையில் இடித்துவிடுமோ என்று எல்லோரும் வாசலில் குனிந்துதான் நுழைந்தார்கள். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், வாத்தியாரின் ஊனக் காலைப் பார்த்துப் பையன்கள் நொண்டிக் காட்டினார்கள். கூட்டம் சிரித்தது. கூரை ஒரு சாண் இறங்கியது. சிவபிரகாஷ் எழுந்து மைக்கை வாங்கி, கூரைக்கு இது போதாது, சத்தமாகச் சிரியுங்கள் என்றான். சத்தமாகச் சிரித்தார்கள். இன்னொரு சாண் இறங்கியது. பயத்தில் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். பயந்துபோய்ச் சிரிக்கும் சிரிப்பு எல்லாவற்றையும்விடக் கனமானது என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஆட்கள் சீட்டிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தார்கள். கதவுகளின் மேல்பகுதி அடைபட்டது. பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்தவர்கள் முட்டிபோட்டு வாசலை நோக்கி நகர்ந்தார்கள். டிவிக்காரர் ஒருவர் படுத்துக்கொண்டு படம் பிடித்தார். சிவபிரகாஷ் தன் கறுப்புக் கண்ணாடியோடு இரண்டு வரிசைக்கு நடுவே குந்திக்கொண்டு, “சிரிங்க, சிரிங்க” என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அந்தக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது அன்புமொழி ஒருத்திதான். கூரை அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. அங்கேயே நின்றது.

வாசலில் முட்டிபோட்டிருந்த ராஜலட்சுமி கத்தினாள். “குனிடி! குனிஞ்சு இங்கிட்டு வந்துருடி!”

“மாட்டேன்,” என்றாள் அன்புமொழி. இரும்புச் சட்டம் கிழித்து நெற்றியில் ரத்தம் இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. “எல்லாருமாச் சேந்து குனிஞ்சு குனிஞ்சுதாம்மா இது இம்புட்டுக் கீழ வந்திருக்கு. நானும் குனிஞ்சா தரைக்குப் போயிரும். பிள்ளைகள மொதல்ல வெளிய எடு.”

பிள்ளைகளை வெளியே எடுத்தார்கள். படத்தை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மிச்சமிருந்த கீழ்த்துண்டில், வகுப்பறையில் ஒரு குண்டுப் பெண் வந்து உட்காருவதும், பக்கத்தில் கதாநாயகனின் காலும் தெரிந்தன. “ஏய், நீ உக்காந்தா பெஞ்சே அழுவும்டி!” என்றான் கதாநாயகன். டொய்ங் என்று ஒரு சத்தம். அந்தப் பெண் விசும்பினாள். கூட்டத்தில் பழக்கதோஷத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கூரை அன்புமொழியின் தலையை அழுத்தியது. அவள் கால் லேசாக மடங்கி, மறுபடி நிமிர்ந்தது.

“யே!” என்றாள் அவள், திரையைப் பார்த்து. “ஒரு கொட்டகையே எந்தலையில ஒக்காந்திருக்கு, நானே அழுகலை. ஒரு பிள்ளை ஒக்காந்ததுக்கு ஒங்க பெஞ்சு அழுகுதாக்கும்? அம்புட்டு நோஞ்சான் பெஞ்சைத் தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேருடா மொதல்ல!”

முதலில் சிரித்தது ராஜலட்சுமிதான். அழுதுகொண்டிருந்தவளுக்கு அடிவயிற்றிலிருந்து பொத்துக்கொண்டு வந்தது. அடுத்து, முட்டிபோட்டிருந்த ஓர் அம்மாள் “ஆஸ்பத்திரியிலயாம்டி” என்று பக்கத்தில் இருந்தவளின் தோளில் சாய்ந்தாள். பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பஸ் ஸ்டாப் பையன்கள் சிரித்தார்கள். படுத்துக்கொண்டு படம் பிடித்தவர் கேமரா ஆட ஆடச் சிரித்தார். கூரை அன்புமொழியின் தலையை விட்டு எழும்பியது, சுவரைத் தாண்டியது, வேப்பமர உச்சியைத் தாண்டியது. வெயில் கொட்டியதும் திரையில் படம் அழிந்தது. தரையில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியது. கூரை இறங்கவில்லை. அங்கேயே நின்றுகொண்டது.

அன்புமொழிக்குத் தையல் போட்டார்கள். சிவபிரகாஷ் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, அவன் சொன்ன ஏசியும் வரவில்லை. கூரை எழும்பிய காட்சியை அவள் குரல் இல்லாமல் வெட்டி எடுத்து, தன் படத்துக்கே விளம்பரமாகப் போட்டுக்கொண்டான். படம் மற்ற ஊர்களில் நன்றாகத்தான் ஓடியது. ராஜலட்சுமி அதை இனி ஓட்ட மாட்டேன் என்றாள். பேசினபடி ஒரு வாரம் முழுவதும் ஓட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம் என்று விநியோகஸ்தர் போனில் மிரட்டினார். அன்று சாயங்காலம் தாயும் மகளும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் ராஜலட்சுமி அவருக்கு போன் செய்தாள்.

“ஓட்டுறேங்க. படத்தை ஓட்டணும்னுதான் பேசியிருக்கு. சத்தத்தைப் போடணும்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே.”

அப்படியே செய்தார்கள். சத்தத்தை அணைத்துவிட்டு, அன்புமொழியும் அவள் வகுப்புப் பெண்களும் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து, படம் ஓட ஓடத் தாங்களே வசனம் பேசினார்கள். கதாநாயகன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவனைப் பிளஸ் டூ பாடத்தைத் தப்பும் தவறுமாக ஒப்பிக்க வைத்தார்கள். குண்டுப் பெண் ஒவ்வொரு காட்சியிலும் பதில் சொன்னாள். நொண்டிக் காட்டிய பையன்களை அந்த வாத்தியார், அவர்கள் வீட்டு வண்டவாளங்களைச் சொல்லிச் சொல்லியே வகுப்பை விட்டுத் துரத்தினார். பஸ் ஸ்டாப் பையன்களில் ஒருவன் அந்த ரோலர் சத்தத்துக்காக மன்னிப்புக் கேட்க வந்தான். அன்புமொழி அவனிடம், கேட்டாயிற்றல்லவா, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போ என்றாள். வாரம் முடிந்தும் கூட்டம் குறையவில்லை. கோர்ட் என்று சொன்ன விநியோகஸ்தர், அதே மாதிரி இன்னும் நிறையப் படங்கள் கையில் இருக்கின்றன, வேண்டுமா என்று கேட்டார். மோசமானதாகப் பார்த்து அனுப்புங்கள் என்றாள் ராஜலட்சுமி. அவருக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை.

கூரை மேலேயே நின்றுவிட்டதால் மேட்னி கிடையாது, சாயங்கால ஆட்டம் மட்டும். மழை பெய்தால் சாரல்தான் விழும். குடை கொண்டுவருகிறவர்கள் கொண்டுவருவார்கள். கூரையின் நிழல் காலையில் ரோட்டுக்கு மேற்கேயும் பிற்பகலில் கிழக்கேயும் விழும். ஆட்டோக்காரர்கள் அதற்கேற்ப ஸ்டாண்டை மாற்றிக்கொண்டார்கள்.

போன மாதம் கட்டடங்களைச் சோதிக்கும் அதிகாரி ஒருவர் வந்தார். வெளியூர்க்காரர். வாசலில் நின்று வெகுநேரம் மேலே பார்த்தார். சுவரைச் சுற்றி வந்தார். தூண் இருக்கிறதா, கம்பி இருக்கிறதா என்று பார்த்தார்.

“இது எதைப் புடிச்சுக்கிட்டும்மா நிக்குது?”

“எதையும் புடிக்கலைங்க,” என்றாள் ராஜலட்சுமி. “படம் போடப்போறாக. இங்கிட்டு வந்து ஒக்காருங்க.”

அவர் இன்னொரு தடவை மேலே பார்த்துவிட்டு, உள்ளே போய் நடு வரிசையில் உட்கார்ந்தார்.