மூன்று சென்டிமீட்டர் அதிகம்

"அறுபத்தாறுன்னு எழுது எல்மரி. மூணே மூணு சென்டிமீட்டர். உன் பேனாவுக்கு ஒண்ணும் வலிக்காது."

"பேனாவுக்கு வலிக்காது. உன் முட்டிக்குத்தான் வலிக்கும். அதுவும் முட்டி மிச்சம் இருந்தா."

"மெதுவாப் பேசு. கேன்டீன்காரி காதைத் தீட்டிட்டு நிப்பா."

நான் காதைத் தீட்டவில்லை. கிளிப்டால் விமானத்திடலின் கேன்டீனுக்கும் பின்னாலிருக்கும் பாராசூட் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் இருக்கிறது. ஃபெட்கூக் என்கிற பொரித்த ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே ஒரு குடும்பம் உடைவதை முழுசாகக் கேட்டுவிடலாம். அன்று திங்கள்கிழமை.

ஃபான் டெர்பிளான்ஷ் ஆறடி நாலங்குலம். வயது ஐம்பத்தொன்று. இளமையில் விமானப்படையில் மேஜர், மிராஜ் என்ற போர் விமானம் ஓட்டியவன். அப்புறம் பருத்திக் காட்டுக்கும் தக்காளிக் காட்டுக்கும் மருந்தடிக்கும் விமானம் ஓட்டினான். பண்ணைக்காரர்கள் ட்ரோனுக்கு மாறியதும் அதுவும் போயிற்று. இரண்டு வருஷமாக வீட்டில். தெருவில் ஒருத்தர் புல்வெட்டும் இயந்திரத்தையும் விட்டுவைக்கவில்லை, கேட்காமலே வந்து பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டான். சர்ச்சுக் கூரைக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தான். இரண்டாம் தடவை அடிக்கச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை.

அவன் மனைவி எல்மரிக்குத் தொழில் நாற்காலி. போர் விமானத்தில், விமானம் கைவிட்டால் விமானியை வெளியே தூக்கி எறிகிற நாற்காலி. அதற்கடியில் தோட்டா இருக்கும். பிடியை இழுத்தால் வெடித்து, ஆளும் நாற்காலியுமாக வானத்துக்குப் போகும். அதைப் பிரித்து, துடைத்து, தேதி பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இந்த மாகாணத்தில் அந்தக் கையெழுத்துப் போடத் தகுதி உள்ளவள் அவள் ஒருத்திதான்.

இருவரையும் வேலைக்கு அழைத்தவர் கர்னல் வெசல் ரோட். ஓய்வு பெற்றபின் தனியார் போர் விமானப் படை ஒன்று தொடங்கியிருந்தார். படைக்குப் பெயர் இருந்தது, பருந்து போட்ட சின்னம் இருந்தது, எல்லாருக்கும் தொப்பி இருந்தது. விமானம்தான் இல்லை. வளைகுடா நாடு ஒன்று தன் விமானிகளோடு சண்டைப் பயிற்சி செய்ய எதிரியாக நடிக்க ஆள் தேடியது. எந்த விமானத்தோடு வருகிறீர்கள் என்று வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கர்னலுக்கு இரண்டு வரன் வந்திருந்தன. ஒன்று, பக்கத்து நாட்டில் ஒரு கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த ஆறு மிராஜ். பெண் பார்க்கப் போகிற மாதிரி கர்னல் இரண்டு முறை போய்ப் பார்த்தார், விமானத்தின் மூக்கைத் தடவினார், அழுதார் என்றும் சொல்கிறார்கள். இன்னொன்று, செக் நாட்டுச் சிறு ஜெட். பார்க்க எடுப்பில்லை, ஆனால் பாதி எரிபொருளில் வேலை செய்யும், உதிரிபாகம் கிடைக்கும். ஒரே குறை, உள்ளே இடம் கம்மி. முதுகிலிருந்து முட்டிவரை அறுபத்தாறு சென்டிமீட்டருக்கு மேல் போனால், நாற்காலி வெளியே பாயும்போது முன்கண்ணாடிச் சட்டம் முட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆள் மேலே போவான், கால் கீழே தங்கும்.

ஃபானுக்கு அறுபத்தொன்பது.

"சரி, தொடையை உள்ளபடியே எழுது," என்றான் ஃபான் தடுப்புக்கு அந்தப் பக்கம். "அப்ப மிராஜுக்குக் கையெழுத்துப் போடு. ரெண்டுல ஒண்ணு எனக்குக் குடு."

"நேத்துத்தானே சொன்னேன். அந்த ஆறு நாற்காலியிலயும் தோட்டா செத்து எட்டு வருஷம் ஆச்சு. தேதிச் சீட்டு மேல விக்கறவன் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான். புதுத் தோட்டா வர பதினாலு மாசம் ஆகும்."

"நான் பத்து வருஷம் மிராஜ்ல உக்காந்தேன். ஒரு தடவைகூட பிடியை இழுத்ததில்ல."

"இழுத்தவன் எவனும் இன்னிக்கு இழுக்கப்போறேன்னு காலையில சொல்லிட்டுப் போகல."

எண்ணெய் காய்ந்துவிட்டது, நான் மாவை உள்ளே போடவில்லை.

"எல்மரி," என்றான் அவன். குரல் தாழ்ந்திருந்தது. "வீட்ல உக்கார என்னால முடியாது. இன்னொரு மழைக்காலம் என்னால முடியாது."

அவன் போன பிறகு அவள் கேன்டீனுக்கு வந்தாள். முகத்தைப் பார்க்காமல் ஒரு சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"இதை வச்சுக்க அத்தை. அவன் கேட்டா தெரியாதுன்னு சொல்லு."

"என்ன சாவி?"

"துப்பாக்கிப் பெட்டிச் சாவி."

ஊரில் எல்லாவற்றுக்கும் நான் ஏதாவது சொல்வேன் என்று பெயர். அன்று சாவியைச் சர்க்கரை டின்னுக்குள் போட்டேன், அவளுக்கு ஒரு கோப்பை ரூயிபோஸ் டீ ஊற்றினேன். அவள் குடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஃபான் பொலொக்வானே நகரத்துக்கு எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனான். அங்கே வரவேற்பில் இருப்பவள் என் ஓரகத்தி மகள், அதனால் நம்பலாம். தொடையெலும்பை மூன்று சென்டிமீட்டர் குறைக்க முடியுமா என்று கேட்டானாம். எந்தக் கால் என்றாராம் டாக்டர். இரண்டும் என்றானாம். வெள்ளிக்கிழமைக்குள் நடந்துவிடுவாயா என்று டாக்டர் கேட்டதும் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டானாம். வரவேற்பில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் போனில் சிரித்தேன். அப்புறம் சர்க்கரை டின்னைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

புதன்கிழமை செக் ஜெட் ஒன்று காட்டுவதற்காக வந்து இறங்கியது. கூடவே வோய்தா என்ற செக் இயந்திரக்காரன், காது சிவந்த பையன் மாதிரி முகம், வயதென்னவோ நாற்பது. ஜெட்டை முதலில் ஓட்டிப் பார்த்தவள் கர்னலின் இன்னொரு விமானி லுஃபுனோ. வெண்டா இனத்துக்காரி, முப்பத்துநாலு வயது, ஐந்தடி மூன்றங்குலம், விமானப்படையை விட்டு வந்தவள். இறங்கி வந்து கர்னலிடம் சொன்னாள்:

"கர்னல், அழகி வேணுமா, வேலை செய்யறவ வேணுமா, சொல்லிடுங்க. இது வேலை செய்யறவ."

"மிராஜைப் பாத்தாலே எதிரி நடுங்குவான்மா."

"அவன் நம்ம எதிரியே இல்லையே. நமக்குக் கூலி குடுக்கறவன். அவனை எதுக்கு நடுங்க வைக்கணும்?"

கர்னல் தன் மீசையிடம் ஆலோசனை கேட்டார். அது ஒன்றும் சொல்லவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்குத் தூக்கிப் பார்க்கும் சோதனை. விமானி நாற்காலியில் வாரெல்லாம் கட்டி உட்கார வேண்டும், மேலேயிருந்து சங்கிலி போட்டு நாற்காலியை அதன் தண்டவாளத்தில் மெல்ல மெல்லத் தூக்குவார்கள். முட்டி எங்காவது இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். கேன்டீனைச் சாத்திவிட்டு நானும் போனேன். டீ கொண்டுபோக வேண்டுமில்லையா.

லுஃபுனோ உட்கார்ந்தாள், ஏறினாள், இறங்கினாள். முட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு ரொட்டி போகும். அடுத்து ஃபான். அவன் உட்கார்ந்ததும் எல்மரி குனிந்து பார்த்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் கையை விட்டாள்.

"மெத்தை ஏன் இப்படிக் கிடக்கு?"

ஃபான் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். முதுகு மெத்தைக்குள் இருந்த பஞ்சை யாரோ சுத்தமாக உருவி எடுத்திருந்தார்கள். உறை மட்டும் தோலாக ஒட்டிக் கிடந்தது.

"மேஜர்," என்றாள் லுஃபுனோ, "காலைச் சாப்பாடு கிடைக்கலையா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவளும் உடனே தலையைக் குனிந்துகொண்டாள். எல்மரி போய் வேறு மெத்தை எடுத்து வந்து வைத்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்து நீலச் சுண்ணக்கட்டியை எடுத்தாள். முட்டியில் தடவினால், உரசின இடத்தில் நிறம் ஒட்டும்.

"லேசா," என்றான் ஃபான், உதடு அசையாமல். "எல்மரி, லேசா."

அவள் சுவருக்குப் பூசுகிற மாதிரி பூசினாள். இரண்டு முட்டியும் நீலமாயிற்று. சுண்ணம் தீர்ந்து விரல் நுனி துணியில் தேய்கிறவரை பூசினாள். வோய்தாவிடம் தலையசைத்தாள்.

சங்கிலி கடகடவென்று ஏறியது. ஃபான் வயிற்றை எக்கினான், இடுப்பைப் பின்னால் தள்ளினான், கழுத்து நரம்பு புடைத்தது. அரைவழியில் நாற்காலி லேசாகத் தட்டி நின்றது. சட்டத்தின் ஓரத்தில் இரண்டு நீலத் தடம், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

"கொஞ்சம் பின்னாடி உக்காந்து பாரேன்டா," என்றார் கர்னல்.

"பின்னாடி இரும்புதான் இருக்கு கர்னல்," என்றாள் எல்மரி.

வோய்தா நாற்காலியை இறக்கினான். ஃபான் வாரை அவிழ்க்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

கர்னலின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். "அப்ப முடிஞ்சு போச்சு. மிராஜ்தான். என் மூத்த விமானியை விட்டுட்டு நான் படை நடத்த முடியுமா? எல்மரி, நீதான் போய்ப் பாத்தியே. நாற்காலியெல்லாம் சரிதானே?"

எல்லாரும் அவளைப் பார்த்தோம். ஃபான் அவளைப் பார்க்கவில்லை. கையுறை போட்ட கையை முட்டிமேல் வைத்துக்கொண்டு, "எல்மரி" என்று மட்டும் சொன்னான். கெஞ்சுவது எப்படியிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஆறும் செத்துப் போச்சு," என்றாள் அவள். "தோட்டாவுக்கு ஆயுசு முடிஞ்சு எட்டு வருஷம். தேதி மேல பெயின்ட் அடிச்சிருக்கான். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போன மாசம் பாத்துட்டு வந்தே. இன்னிக்குச் சொல்றியா?"

"அப்பவே சொல்லியிருக்கணும். மிராஜ் வரப்போகுதுன்னு இவன் ராத்திரி தூங்க ஆரம்பிச்சான் கர்னல். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம். ஒரு மாசமாவது தூங்கட்டும்னு விட்டேன்."

"நான் செத்த நாற்காலியிலயே பறக்கறேன்," என்றான் ஃபான். "எழுதித் தரேன். என் உயிர், என் கையெழுத்து."

கர்னல் யோசித்தார். அதுதான் பயங்கரம், அந்த மனிதர் நிஜமாகவே யோசித்தார். அப்போது லுஃபுனோ தன் தொப்பியைக் கழற்றி விமானத்தின் இறக்கைமேல் வைத்தாள்.

"மேஜர் எழுதித் தந்தா நாளைக்கு என்னையும் எழுதச் சொல்வீங்க. நான் வரல கர்னல்."

கைவசமிருந்த இரண்டு விமானியில் ஒருத்தி போய்விட்டால் படை ஏது? கர்னல் வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டு வழியையும் நீயே அடச்சுட்ட," என்றான் ஃபான் மனைவியிடம்.

"ஆமா."

அவள் ஏணியில் ஏறி அவனுடைய வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, காலில் இரண்டு. அவன் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. கடைசி வார் விழுந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவள் ஏணியிலேயே நின்றாள். நாங்கள் ஒவ்வொருத்தராக வெளியே வந்துவிட்டோம். டீ ஆறிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கர்னல் சிறு ஜெட்டின் பெயரை எழுதி அனுப்பினார். வேலை கிடைத்தது, ஆறு விமானம் கேட்ட இடத்தில் நாலுக்கு. ஃபானுக்குத் தரையிலிருந்து ரேடியோ பேசும் வேலை கொடுத்தார். இரண்டு நாள் பேசினான். மூன்றாம் நாள் லுஃபுனோ மேலே போயிருக்கும்போது ஒலிவாங்கியை மேஜையில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டான். அந்த வாரம் முழுக்க எல்மரி வேலைக்கு வரவில்லை. அவன் பின்னால் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து அவன் போட்ஸ்வானாவுக்குப் போனான், மவுன் என்ற ஊரில் யானை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சதுப்பு நிலத்தின் மேல் சுற்றுகிற சிறு புரொப்பெல்லர் விமானம் ஓட்ட. தனியாகத்தான் போனான். எல்மரியிடம் சொல்லிக்கொள்ளவில்லை என்கிறார்கள்.

லுஃபுனோ வோய்தாவைக் கட்டிக்கொண்டாள். பெண் வீட்டார் பரிசமாகப் பதினொரு மாடு கேட்டபோது அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தானாம், அதற்காகப் பன்னிரண்டாக்கினார்கள். இப்போது இருவரும் விமானங்களோடு வளைகுடாவில். கர்னல் கேப் டவுன் பக்கம் ஒரு விதவையை மணந்து அங்கேயே போய்விட்டார்.

எல்மரி மார்ச் மாதம் வீட்டை விற்றாள். ஜார்ஜ் நகரில் இருக்கும் அக்காவிடம் போகிறேன் என்று எங்களிடமெல்லாம் சொன்னாள். தபாலாபீஸில் அவள் கொடுத்த புது முகவரி மவுன். ஃபான் இருக்கும் தெரு இல்லை, அதற்கு அடுத்த தெரு.