மெட்டில் மிச்சமிருந்த இடம்

மகள் செருப்பு அலமாரியைக் கவிழ்த்துப்போட்டு பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். சாவி என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் இருந்தது. அவர் எடுத்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தேன். தூரத்து நகரத்தில் லாரி பழுதுபார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது அவளுக்கு. இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். எனக்கும் அது போகட்டும் என்றுதான் இருந்தது.

வாயைத் திறந்து போகாதே என்று சொல்ல இவருக்கு எந்த முகம் இருக்கிறது? பாட்டு எழுதுகிறவர். இளசுகள் வண்டியை முறுக்கிக்கொண்டு கத்துகிற 'கதவு உனக்கு அப்பா, ரோடு எனக்கு' இவர் எழுதியதுதான். எத்தனை வீட்டு அப்பாக்கள் இவரைச் சபித்தார்களோ. எழுதியவரின் லட்சணம் எனக்குத்தானே தெரியும். பஸ் ஒரு வளைவு திரும்பினால் வாந்தி எடுப்பார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நான் நிறைமாதமாக இருந்தபோது, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொடுத்தபடி அந்தப் பாட்டை எழுதினார். மெட்டின் நடுவில் 'லாலா' என்று ஒரு சொல்லுக்கு இடம் மிச்சமிருந்தது. அதைக் குறைக்க முடியாது என்றுவிட்டார் இசையமைப்பாளர். இவர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். நான்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பான்னு போட்டுத் தொலைங்களேன்" என்றேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அதுதான் இவளுக்குத் தாலாட்டு. பைக்கின் பின்னாலும் அதைத்தான் ஒட்டியிருக்கிறாள். இப்போதும் அதையே முணுமுணுத்தபடி சோபாவுக்கு அடியில் குனிந்தவள், நிமிரும்போது அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தாள். சாவி வளையம் பாதி வெளியே எட்டிப்பார்த்தது. பாட்டு நின்றது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"எங்கயோ விழுந்திருக்கும் போல. நான் பஸ்லயே போயிக்கிறேன்" என்று பையைத் தோளில் மாட்டினாள்.

இவர் சுவரைப் பார்த்தபடி, "அது மெட்டுக்கு எழுதுனதும்மா" என்றார்.

"தெரியும்ப்பா. நான்தான் நெஜம்னு நெனச்சு வளந்துட்டேன்."

என் கன்னத்தை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனாள். அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இவர் எழுந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. சாவியைப் போட்டுப் பூட்டைத் திறந்து, ஓட்டத் தெரியாத அந்த பைக்கை இடுப்பில் சாய்த்துத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினார். அது ஒரு பக்கம் இழுக்க, இவர் ஒரு பக்கம் இழுக்க, கோணல்மாணலாகப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துப் போனார். தெருமுனைக்கு அப்பால் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வருகிற பஸ்ஸா, கிளம்பிய பஸ்ஸா என்று தெரியவில்லை. நான் கதவைப் பிடித்தபடி நின்றேன்.