அறுபத்தொரு ஓம்

மிக்கேல் ஆன்டெனாவுக்குள் போய் ஆறு வருஷம் ஆகிறது. உள்ளே ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டு வருகிறேன் என்று போனவர்தான். அலுவலகத்தில் அவரை இன்னும் பணியில் இருப்பதாகவே வைத்திருந்தார்கள்.

உப்பளத்துக்கு நடுவில் நிற்கும் தடித்த செம்புக் குழாய்தான் அந்த ஆன்டெனா. ஓர் ஆள் நிற்கிற அகலம். இரண்டு முறை மூடியைக் கழற்றிப் பார்த்தாயிற்று. போல்ட் மட்டும் நன்றாக முறுக்கியிருந்தது.

அதன் மின்தடையை அளப்பது மிக்கேலின் மனைவி பிரகாசிக்கு வேலை. செவ்வாய்தோறும் காலையில் அளப்பாள். குழாய் வெறுமையாக இருந்தால் மீட்டர் முள் எழுபத்திரண்டு ஓம் காட்ட வேண்டும். உள்ளேயோ பக்கத்திலேயோ ஆள் இருந்தால் குறையும். ஆறு வருஷமாக அறுபத்தொன்று. அதை எழுதிவிட்டு வீட்டுக்குப் போனால் அன்றைக்குச் சோறு இறங்கும், பாவம்.

இந்தச் செவ்வாய் மேலதிகாரி சந்திரசூடன் வந்தார்.

“இன்னைக்கு எழுவத்திரண்டு வந்தா, உள்ள ஆள் இல்லைன்னு எழுதிருவோம்மா. பேரை அடிச்சிரலாம்.”

“வராது சார். அறுவத்தொண்ணுதான்.”

“நான் பக்கத்துல நிக்கேன்லா. அதுனால இருக்கும்.”

“அப்போ தள்ளி நில்லுங்க.”

அளக்கும்போது யாரையும் அப்படி விரட்டுவதுதான் அங்கே வழக்கம். அவர் பத்தடி தள்ளி நின்றார். அறுபத்தொன்று.

“இன்னுந் தள்ளுங்க.”

அவர் பாத்தி பாத்தியாகப் பின்னால் நடந்தார். நடக்க நடக்க உப்பளம் நீண்டுகொடுத்தது. முதலில் குடையளவு ஆனார். பிறகு கடுகளவு. முள் அசையவில்லை.

அப்போது குழாய்க்குள்ளிருந்து மிக்கேல் பேசினார். சளி பிடித்த குரல்.

“ஏட்டி, நீயும் பக்கத்துலதான நிக்க.”

“நான் அளக்கவல்லா.”

“அளக்கவளுக்கு ஒடம்பு கெடையாதோ? ஒருநாளாவது தள்ளி நின்னு பாத்தியா?”

 பிரகாசி மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தாள். அறுபத்திரண்டு. இன்னோரடி. அறுபத்தைந்து. உள்ளே இருமல் சத்தம் மெலிந்துபோயிற்று.

மூன்றாம் அடிக்குத் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பழைய இடத்துக்கே வந்தாள். அறுபத்தொன்று. மிக்கேல் தொண்டையைச் செருமினார்.

“பாத்துட்டியா?”

“சும்ம இரும்.”

கடுகளவு அதிகாரியின் குரல் காதோரத்தில் கேட்டது.

“சரியா வந்திட்டாம்மா?”

“இல்ல சார்,” என்றாள் பிரகாசி. “இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க.”