மூன்றாவது பட்டன்

அந்த வீட்டில் எனக்குக் 'கை பிடிச்சுவிடுற பொண்ணு' என்று பெயர். ஆறு வாரமாகத் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லிவிட்டேன், நான் பிடித்துவிட வருபவள் இல்லை என்று. அந்த வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர், பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போய்க் கிடந்தார். இடது கையாலேயே குளிக்க, உடுத்த, சாப்பிட அவரைப் பழக்குவதுதான் என் வேலை.

"நான் எதுக்கும்மா இருக்கேன்?" என்பார் மனைவி. ஊட்டுவதும் அவர்தான், உடுத்திவிடுவதும் அவர்தான். முப்பது வருஷம் ரோட்டிலேயே கிடந்த மனுஷன் இப்போதுதான் வீடு தங்கியிருக்கிறார், அந்த அக்கா விடுவாரா? நான் போகும்போதெல்லாம் மாப்பிள்ளை மாதிரி ஜோடித்து உட்கார வைத்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சட்டையைக் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

போன வாரம் அவரே இரண்டு பட்டன் போட்டார். மூன்றாவதில் விரல் வழுக்க, பச்சையாக ஒரு கெட்ட வார்த்தை வந்தது. ஆறு வாரத்தில் அவர் முழுசாகச் சொன்ன முதல் சொல். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சிகிச்சையைத் தொடரலாமா என்று பார்க்க இன்று என் மேலதிகாரி வந்தார். "சட்டை போட்டுவிடாதீங்க அக்கா, அவர் தடுமாறுறத மேடம் பார்க்கணும்" என்று நேற்றே போனில் கெஞ்சியிருந்தேன். போனால், கழுத்துவரை பட்டன் போட்ட இஸ்திரிச் சட்டை.

"எல்லாம் அவரே போட்டுக்கிட்டார். தங்கமான பொண்ணு, நல்லா சொல்லிக்குடுத்திருக்கு" என்றார் மனைவி, என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

"நீங்களே போட்டீங்களா ஐயா?" என்று மேலதிகாரி கேட்டார்.

அவர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார்.

"மேடம், ஒரு தடவை கழட்டிப் போடச் சொல்லுங்க" என்றேன்.

"அவங்களே சொல்றாங்க, நீ ஏம்மா இல்லங்கற? எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு." தேறிவிட்டார், இனி வர வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

"உன் வேலைய காப்பாத்திட்டேன் பாத்தியா? செவ்வாக்கெழம வந்துடு" என்றார் மனைவி.

"இனி வர மாட்டேன் அக்கா. தேறினவர் வீட்டுக்கு எங்களை அனுப்ப மாட்டாங்க."

"நல்லதாத்தானே சொன்னேன்?" அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

உள்ளே கணவர் இடது கையால் சட்டையைத் திறந்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முடிந்திருந்தது. மூன்றாவது பட்டன் துளையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயோ, உங்களுக்கு ஏங்க இந்தச் சிரமம்?" மனைவி ஓடிப்போய் அவர் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, மீதியைப் போட்டுவிட்டார்.

இந்த முறை அவர் திட்டவில்லை.