மணவறைக் கதிரைகளுடன் ஒரு தலைமறைவு

என் பெற்றோர் ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணியளவில் குற்றவாளிகளானார்கள். அதற்கு முந்தின நாள்தான், என் பல்கலைக்கழகக் கட்டுரைக்காக, களவெடுத்துவிட்டுப் பொலிசிடமிருந்து தப்பியோடும் ஒரு சோடியின் கதையைச் சொல்லும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை நாங்கள் மூவரும் மெல்பேர்ன் ரோவில் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் இருந்து பார்த்திருந்தோம். அப்பா வின்சன்டுக்குக் கதாநாயகனின் தொப்பி பிடித்திருந்தது. அம்மா மாக்கிறேட்டுக்குக் கதையே பிடிபடவில்லை.

"இவ்வளவு தூரம் கார் ஓடுதுகள், ஒரு தெரிஞ்ச ஆக்கள் வீட்டையும் போகேல்லையே? சாப்பாட்டுக்கு என்ன செய்யுதுகள்?"

"அம்மா, அவை ஒளிச்சுத் திரியினம்."

"ஒளிக்கிறதெண்டாலும் சாப்பிடத்தானே வேணும்."

என் கட்டுரையில் இதற்குப் பதில் இல்லை.

அது எங்கள் பகுதியில் வேண்டாத சாமான்களை வாசல் புல்லில் வைக்கும் வாரம். மாநகரசபை லொறி வர முன்னர் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்பாவின் நம்பிக்கை. எங்கள் வீட்டு மேசை, இரண்டு விளக்குகள், நான் படுக்கும் கட்டில் எல்லாம் புல்லில் விளைந்தவைதான். அன்று பக்கத்துத் தெருப் புல்லில், சிங்கமுகக் கைப்பிடியோடு, தங்க நிறத்தில் இரண்டு பெரிய கதிரைகள் நின்றன. வெயில் தொப்பி போட்டுக்கொண்டு போன இருவரும் அவற்றை அப்பா துப்புரவு வேலைக்குக் கொண்டுபோகும் வானில் ஏற்றி வந்தார்கள். இறக்க முதல் பார்த்தால் அப்பாவின் உள்ளங்கை இரண்டும் தங்கம்.

"பெயின்ற் காயேல்லையே அப்பா. எறியிற கதிரைக்கு ஆர் பெயின்ற் அடிப்பினம்?"

"அடிச்சுப் பாத்திருப்பினம். பிடிச்சிருக்காது," என்றார் அப்பா.

பத்து நிமிடத்தில் ரோவில் தமிழர் வட்ஸ்அப் குழுவில் கபிலன் அண்ணாவின் செய்தி வந்தது. விழாக்களுக்கு மேடை சோடிப்பவர், அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர். "காயவைச்ச மணவறைக் கதிரை ரெண்டையும் ஒரு ஆணும் பெண்ணும் தூக்கிக்கொண்டு போயிட்டினம். நாளைக்கு மண்டபத்தில ஒரு பிள்ளையின்ர சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு. கமராவில எல்லாம் இருக்கு. பொலிசுக்குச் சொல்லப்போறன்." கீழே ஒரு வீடியோ. தொப்பிகளால் முகம் தெரியவில்லை. 'கைதேர்ந்த சோடி போல' என்று ஒருவர் எழுதியிருந்தார். அம்மாவும், வீடியோவில் இருப்பது தன்னுடைய பூப்போட்ட கவுண் என்று அடையாளம் காண முன்னரே, 'கடவுளே, எப்படியான சனங்கள்' என்று பதில் போட்டிருந்தா.

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். எங்கள் பழைய கதிரையில்.

"திங்கட்கிழமை பத்து மணிக்குச் சத்தியப்பிரமாணம்," என்றார்.

எங்கள் வீட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அவர்கள் இருவரும் பதினொரு வருடம் காத்திருந்து பெற்ற குடியுரிமைக் கடிதம் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. நன்னடத்தை பற்றி அதில் ஒரு வரி இருந்தது. அப்பா அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

"கொண்டுபோய்க் குடுங்கோவன்," என்றேன்.

"குடுத்தா களவெடுத்ததெண்டு ஒப்புக்கொண்ட மாதிரி."

"குடுக்காட்டி?"

"களவெடுத்த மாதிரி."

ஆகவே தப்பியோடுவதாக முடிவாயிற்று. அம்மாவின் பள்ளிச் சிநேகிதி சிவாஜினி அன்ரி சிட்னியில், கெல்லிவில்லில் இருந்தா. அங்கே ஒளித்திருந்துவிட்டுத் திங்கள் காலை மெல்பேர்னில் சத்தியம் செய்ய வருவது திட்டம். போக ஒன்பது மணித்தியாலம், வர ஒன்பது. அப்படியானால் எவ்வளவு நேரம் ஒளித்திருப்பது என்று கேட்டேன். கணக்குப் பார்க்கும் நேரமா இது என்றார் அப்பா. தடயம் வீட்டில் இருக்கக்கூடாது என்பதால் கதிரைகளும் வந்தன. சாட்சி வீட்டில் இருக்கக்கூடாது என்பதால் நானும்.

வானின் முன் ஆசனத்தில் மூவரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். அம்மாவின் மடியில் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு. நெடுஞ்சாலை ஏற முன்னரே அம்மா நான்கு பேருக்குப் போன் எடுத்துவிட்டா.

"ஓம், அவசரமாச் சிட்னிக்குப் போறம். ஒருத்தருக்கும் சொல்லாதை... சொல்லாமல் போனால் நீ குறை நினைப்பாய், அதுதான் எடுத்தனான்."

"மாக்கிறேட், நாங்கள் தலைமறைவு," என்றார் அப்பா.

"அதுக்காக ஆக்களுக்குச் சொல்லாமலே போறது?"

சிவாஜினி அன்ரி மட்டும் எத்தனை நாள் என்று கேட்காமல், ஆட்டிறைச்சியா மீனா என்று கேட்டா. படத்தில் அந்தச் சோடிக்கு இப்படி ஒருவர் இருந்திருந்தால் கதை அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும்.

நெடுஞ்சாலையில் சீமோர் என்ற ஊருக்குக் கிட்ட வாகனங்கள் மெதுவாயின. முன்னால் பொலிஸ் நின்றது. எல்லா வாகனத்தையும் மறித்துக் குடிவெறி சோதித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா குடிப்பதில்லை. இளம் பொலிஸ்காரி ஒருத்தி கருவியை ஜன்னலுக்குள் நீட்டி, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னாள்.

அப்பா இரண்டு தங்கக் கைகளையும் உயர்த்தினார்.

"கதிரைகள் பின்னாலதான் இருக்கு," என்றார் ஆங்கிலத்தில். "நான்தான் எடுத்தேன். என் மனைவி ஒரு கதிரையில் மட்டும் பிடித்தார்."

"ரெண்டிலயும் பிடிச்சனான்," என்றா அம்மா தமிழில்.

பொலிஸ்காரி கைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். அப்பா புல், வெயில், பெயின்ற், பதினொரு வருடம், திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னார். கருவி அவ்வளவையும் முகர்ந்துவிட்டுப் பூச்சியம் காட்டியது.

"உரிமையாளருக்கு எப்போது தேவை?" என்றாள் அவள்.

"நாளைக்கு."

"அப்படியானால் தவறான பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்," என்று சொல்லிவிட்டு அடுத்த காரைக் கூப்பிட்டாள்.

அது கைதா மன்னிப்பா என்பதை, வானைத் திருப்பி ரோவில் வந்து சேரும் வரைக்கும் எங்களால் தீர்மானிக்க முடியவில்லை. கபிலன் அண்ணா தன் வீட்டு வாசலில் நின்றார். கதிரையின் முதுகில் அப்பாவின் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன.

"பொலிசுக்குச் சொன்னனீங்களோ, தம்பி?" என்றார் அப்பா.

"இல்லை அங்கிள். பயந்துபோய்க் கொண்டுவந்து வைப்பினம் எண்டுதான் போட்டனான். நீங்கள் சிட்னி வரைக்கும் பயப்பிடுவியள் எண்டு ஆருக்குத் தெரியும்?" அம்மா நான்கு போனிலும் சொன்னது அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. "நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு மண்டபத்துக்கு வாங்கோ. கதிரை தூக்க ஆள் வேணும். உங்களுக்குத்தான் நல்ல பழக்கமாச்சே."

ஞாயிற்றுக்கிழமை கதிரைகளைத் தூக்கினார்கள். விரல் அச்சின் மேல் மல்லிகைச் சரம் தொங்கியது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு சத்தியம் செய்தார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தடக்கவில்லை. ஆனால் சத்தம் வரும்போதெல்லாம் கதவைப் பார்த்தார். மேயர் சான்றிதழைக் கொடுத்துவிட்டுக் கையைக் குலுக்கினார். பிறகு அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் ரேகைகளில் தங்கம் போகவில்லை.

"பெயின்ரராக வேலை செய்கிறீர்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சான்றிதழைப் பார்த்தா.

"ஓம்," என்றார் அப்பா. அதிர்ச்சியில் அது தமிழில் வந்தது. தலையாட்டலில் மேயருக்கு விளங்கிவிட்டது.

மேடையை விட்டு இறங்கியதும் அம்மா அவரின் கோட்டைப் பிடித்தா. "ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"இனிச் சான்றிதழைப் பறிக்கமாட்டினம்," என்றார் அப்பா. "கெதியா நட."